340 டிவிடிகள் இருக்கின்றன, ப்ளூ-ரேவுக்கு மாறலாமா?

#1 மஞ்சள்நகரம்

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். 2005 முதல் 2014 வரை நானும் வீட்டுக்காரரும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த டிவிடிகள் 340 இருக்கின்றன. நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். தமிழ் 210, மலையாளமும் வங்காளமும் ஒரு 40, மிச்சம் ஆங்கிலமும் ஜப்பானியமும். எல்லாம் அசல். திருட்டு டிவிடி வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் அவர் எப்போதுமே பிடிவாதம்.

பொங்கலுக்கு 55 அங்குல 4கே டிவி வாங்கினோம். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஒன்பது அடி. ஆசையாக ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டோம். பழைய 21 அங்குலப் பெட்டியில் எத்தனையோ முறை பார்த்த படம். இப்போது முகமெல்லாம் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கிறது. அதைவிட மோசம், நாயகி கட்டியிருந்த கோடு போட்ட சேலையில் அவர் நகரும்போதெல்லாம் பச்சையும் ஊதாவுமாக நிறம் ஓடுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் எங்கிருந்து வரும்?

அவர் எல்லாவற்றையும் ப்ளூ-ரேயாக வாங்கிவிடலாம் என்கிறார். ஒன்று 900 ரூபாய் என்று வைத்தாலே மூன்று லட்சத்துக்கு மேல் ஆகிறது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது சரியான வழிதானா என்பதே எனக்குத் தெரியவில்லை. மாறியவர்கள், மாறாதவர்கள் இரண்டு தரப்பும் சொல்லுங்கள்.

#2 ஒளிக்கற்றை

சகோதரி, ஒரு டிஸ்க்கூட இப்போது வாங்காதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் டிவிடி பிளேயர் டிவியோடு மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள ஒயரில்தானே இணைந்திருக்கிறது?

சேலையில் ஓடிய நிறத்தை வைத்துத்தான் கேட்கிறேன். அந்த மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து ஒரே சிக்னலாகப் போகும். டிவி அதைத் திரும்பப் பிரிக்க வேண்டும். நெருக்கமான கோடுகள் வந்தால் அதை நிறம் என்று தவறாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கறுப்பு வெள்ளைப் படத்திலும் வானவில் வருகிறது. டிவிடியின் உள்ளே வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிந்திருக்கின்றன. கலப்பது அந்த ஒயர்தான். பழைய பெட்டி சின்னது, அதோடு அதன் குழாய்த் திரை எல்லாவற்றையும் கொஞ்சம் மழுக்கிவிடும், அதனால் கண்ணில் படவில்லை.

ஒரு ப்ளூ-ரே பிளேயர் மட்டும் வாங்கி எச்டிஎம்ஐ ஒயரில் இணையுங்கள். அதில் டிவிடியும் ஓடும். படத்தை 1080 வரிகளுக்குப் பெரிதாக்கி அனுப்பும் வேலையையும் அதுவே செய்யும். டிவியில் ஷார்ப்னஸைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்குங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் அதே சேலையைப் பாருங்கள். நிறம் போயிருந்தால் தப்பு ஒயரில். போகவில்லை என்றால் டிவிடி தயாரிக்க எடுத்த டேப்பிலேயே அந்தக் கலப்படம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்தப் படத்துக்கு மட்டும்தான் வேறு பதிப்பு தேட வேண்டும்.

இனி தூரக் கணக்கு. சராசரிப் பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ. டிவிடியில் குறுக்கே 720 புள்ளிகள்தான், ஒரு புள்ளி 1.7 மி.மீ. அகலத்துக்கு விரியும். பத்தொன்பது அடி தள்ளி உட்கார்ந்தால்தான் அது கண்ணுக்கு மறையும். ப்ளூ-ரேயில் 1920 புள்ளிகள், ஏழு அடியிலேயே மறைந்துவிடும். ஒன்பது அடியில் உட்காரும் உங்களுக்கு டிவிடியின் குறை தெரியும், ப்ளூ-ரே நிறைவாக இருக்கும். இதே 32 அங்குல டிவியாக இருந்தால் டிவிடிக்கே பதினோரு அடி போதும், மாற வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஆனால் இந்தக் கணக்கு டிஸ்க்கைப் பற்றியது மட்டும். அதில் ஏற்றிய படம் எதிலிருந்து வந்தது என்பதுதான் பெரிய கேள்வி. ஒயரைச் சொல்லுங்கள், அதைப் பிறகு எழுதுகிறேன்.

#3 மஞ்சள்நகரம்

மஞ்சள் ஒயரேதான்! பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டீர்கள். 2006-இல் பிளேயரோடு கொடுத்த ஒயர். இந்த வாரம் பிளேயர் வாங்கிவிடுகிறோம்.

#4 கிள்ளான்மணி

நான் மலேசியா, கிள்ளான். என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் ஏமாற வேண்டாம்.

மூன்று வருஷம் முன்பு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு தமிழ்ப் படத்தின் ப்ளூ-ரே விற்பனைக்கு வந்தது. 70 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். அட்டையில் பெரிதாக 1080 என்று போட்டிருந்தது. பாதிப் படம் வரைக்கும் சந்தோஷமாகத்தான் பார்த்தேன். அப்புறம் ஒரு காட்சி. கிணற்றடி, வலது மேல் மூலையில் கொடியில் துணி காயும். என் டிவிடியில் அந்தத் துணிக்கு மேலே புழு மாதிரி வளைந்த ஒரு வெள்ளைக் கீறல் வரும். இருபது முறையாவது பார்த்திருப்பேன். ப்ளூ-ரேயிலும் அதே இடத்தில் அதே கீறல் வந்தது. ஒருவேளை கேமராவில் ஓடிய அசல் பிலிமான நெகடிவிலேயே இருக்குமோ என்று படத்தை நிறுத்திப் பார்த்தேன். தலைமுடியில் ஒரு இழைகூடத் தனியாகத் தெரியவில்லை, எல்லாம் மை பூசின மாதிரி. யாராவது கையை வீசினால் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிரிகிறது. பழைய டிவிடி டேப்பையே எடுத்துப் பெரிதாக்கி ப்ளூ-ரேயில் ஏற்றியிருக்கிறார்கள். விற்ற கடையில் கேட்டேன், பிரித்த டிஸ்க்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள்.

அதனால் ஒரு ப்ளூ-ரே வாங்கும் முன், படம் எங்கிருந்து ஸ்கேன் செய்யப்பட்டது என்று அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். அக்கறையோடு செய்பவர்கள் நெகடிவிலிருந்து எடுத்ததா, தியேட்டருக்குப் போன பிரிண்டிலிருந்து எடுத்ததா, எந்த வருஷம் எடுத்தது என்றெல்லாம் எழுதுவார்கள்.

இன்னொன்று ரீஜன், அதாவது ஒரு பகுதியில் விற்கும் டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டு. டிவிடிக்கு இந்தியா 5, மலேசியா 3. ப்ளூ-ரேக்கு அமெரிக்கா, கனடா, ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியாவும் இலங்கையும் சி. பூட்டு போடாத டிஸ்க்குகளும் நிறைய உண்டு. ஆனால் உங்களிடம் ஜப்பான் படங்கள் இருப்பதாகச் சொன்னீர்கள். அவற்றின் நல்ல பதிப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும்தான் வருகின்றன, பூட்டும் போட்டிருப்பார்கள். எல்லா ரீஜனும் ஓட்டும் பிளேயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

#5 ரொறன்ரோ_கந்தர்

தங்கச்சி, நான் எல்லாத்தையும் ஒரேயடியாக மாத்தின ஆள். அதனால் சொல்லலாம்.

2014, 15 ஆம் ஆண்டுகளில் என்னட்டை இருந்த டிவிடியளைக் குறைச்சுக்கொண்டு ப்ளூறே சேர்க்கத் தொடங்கினன். ஆங்கிலப் படங்களுக்கு அது நல்ல முடிவு. இப்பவும் ரீவீயில் போட்டுப் பார்க்க வடிவாக இருக்கும். நான் விட்ட பிழை தமிழ்ப் படங்களில்தான். இதுகளும் எப்படியும் ப்ளூறேயில் வரும்தானே என்று நினைச்சு, அலுமாரியில் இடம் வேணும் என்பதற்காக அறுபது தமிழ் டிவிடியளை ஒரு பெட்டியில் போட்டுக் குடுத்திட்டன். இஞ்சை ரொறன்ரோவில், ஸ்காபரோத் தமிழ்க் கடையளில் கிழமைக்கு ஒன்று இரண்டாக வாங்கினது. பத்து வருசம் ஆகுது. அந்த அறுபதில் ப்ளூறேயாக என் கையில் திரும்பி வந்தது நாலு. இணையத்தில் சிலது இருக்குது, ஆனால் பாட்டு வெட்டி, மேலே ஒரு சின்னம் ஒட்டி, கீழே விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். நான் வாங்கின கடையும் இப்ப இல்லை.

காசு போனதை மறந்திட்டன். அந்தப் பெட்டியைத் தூக்கிக் காரில் வைச்சது இன்னும் மறக்கேல்லை. புதுசு கைக்கு வந்து, ஒருக்கால் முழுசாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் பழசைக் குடுங்கோ.

#6 இடைவேளை

எல்லோரும் டிஸ்க் பக்கமே பேசுகிறீர்கள், மாற்றுக் கருத்தையும் வைக்கிறேன். நாங்கள் சென்னையில் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று முறை வீடு மாறினோம். ஒவ்வொரு முறையும் டிவிடி மட்டுமே ஆறு அட்டைப்பெட்டி. கடைசியில் பாதிக்கு மேல் நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு ஓடிடி சந்தாவோடு இருக்கிறோம். குழந்தைகளோடு உட்கார்ந்து நினைத்த நேரத்தில் பார்க்க முடிகிறது. பத்தில் எட்டுப் படம் கிடைத்துவிடுகிறது. இடமும் நேரமும் இல்லாத வீட்டுக்கு இதுதான் சரி என்று உண்மையாகவே நினைக்கிறேன். மஞ்சள்நகரம் அக்கா வீட்டில் இடம் இருக்கிறது என்றால் அது வேறு விஷயம்.

#7 ஒளிக்கற்றை

இடைவேளை சொல்வது நியாயம். வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். ஆனால் ஓடிடியில் 4கே என்று பார்த்தவுடனே அது ப்ளூ-ரேயைவிட மேல் என்று பலர் நினைக்கிறார்கள், அதை மட்டும் தெளிவாக்குகிறேன். புள்ளி எண்ணிக்கை மட்டும் போதாது, நொடிக்கு வரும் தகவலின் அளவும் வேண்டும். 4கே பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். டிவிடியில் படத்துக்கான உச்சவரம்பு 9.8. ப்ளூ-ரேயில் 40. மழை, புகை, தூசி, கூட்டம் ஓடும் காட்சி என்று வரும்போது ஓடிடி படம் கட்டம் கட்டமாக உடைவதைக் கவனித்திருப்பீர்கள். ஒலியில் இன்னும் வித்தியாசம். பெரும்பாலான ப்ளூ-ரேக்களில் ஸ்டுடியோவில் முடித்த ஒலி எதுவும் இழக்காமல் அப்படியே வரும். டிவிடியிலும் ஓடிடியிலும் பெரும்பாலும் சுருக்கிய ஒலிதான்.

சரி, முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். படம் எதிலிருந்து வந்தது?

35 மி.மீ. நெகடிவில் எடுத்த படத்தில் ப்ளூ-ரே காட்டக்கூடியதைவிட அதிக நுணுக்கம் இருக்கிறது. அதனால் 1950களின் கறுப்பு வெள்ளைப் படம், நெகடிவ் நன்றாக இருந்து ஒழுங்காக ஸ்கேன் செய்தால், நேற்று எடுத்த படத்துக்குக் குறையாமல் நிற்கும். வங்காளப் படங்கள் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், சத்யஜித் ராயின் அப்பு மூன்று படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் அசல் நெகடிவ் 1993-இல் லண்டனில் ஒரு லேப் தீவிபத்தில் எரிந்தது. மிஞ்சிய கருகிய சுருள்களை அமெரிக்காவில் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் காப்பகம் பத்திரமாக வைத்திருந்தது. பல வருஷம் கழித்து இத்தாலியின் பொலோனியாவில் உள்ள ஒரு லேபில், உடைந்து நொறுங்கும் நிலையில் இருந்த பிலிமுக்கு ஈரம் ஊட்டி, ஒட்டி, துளைகளைச் சரிசெய்து ஸ்கேன் செய்தார்கள். பதேர் பாஞ்சாலியில் 40 சதவீதம், அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேல் அந்த எரிந்த நெகடிவிலிருந்தே கிடைத்தது. மிச்சத்தை மற்ற பிரதிகளிலிருந்து நிரப்பினார்கள். 2015-இல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. பழைய டிவிடியை வைத்திருப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். பூட்டு ஏ ரீஜன் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

எதிர்ப்பக்கம்: 90களின் தொலைக்காட்சித் தொடர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்ததே வீடியோ டேப்பில். இருக்கிற வரிகள் அவ்வளவுதான். எந்த டிஸ்க்கில் ஏற்றினாலும் கூடுதலாக ஒன்றும் வராது.

நடுவில் இருப்பவை நம் தமிழ் டிவிடிகள். பலவற்றைத் தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ரீல் மாறும் இடத்தில் மூலையில் ஒரு வட்டப் பொட்டு வருகிறதா என்று பாருங்கள், வந்தால் பிரிண்ட்தான். இன்னொரு சோதனை: சினிமாஸ்கோப் படத்தைப் போட்டதும் மேலே கீழே மட்டும் இல்லாமல் நாலு பக்கமும் கறுப்பு வந்து, நடுவில் தபால்தலை மாதிரி படம் வருகிறதா? அப்படியென்றால் பழைய சதுரப் பெட்டிக்காகத் தயாரித்தது. பால் (PAL) என்ற பழைய டிவி முறைப்படி செய்த டிவிடியின் 576 வரிகளில் படத்துக்குப் போவது 327 வரிதான். அகலத்திரைக்கென்று ஒழுங்காகச் செய்த டிவிடியில் 436 கிடைக்கும். ப்ளூ-ரேயில் 817. ஆக 327 வரி டிவிடியிலிருந்து உண்மையான ப்ளூ-ரேவுக்குப் போவது இரண்டரை மடங்கு. அந்த மாதிரி டிஸ்க்குகளைத்தான் முதலில் மாற்ற வேண்டும், நல்ல ப்ளூ-ரே வந்திருந்தால்.

#8 ஆர்மோனியம்

யாரும் சுருதி பற்றிப் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

எனக்குப் படத்தைவிடப் பாட்டு முக்கியம். டிவிடி போட்டுவிட்டுப் பக்கத்தில் ஆர்மோனியம் வைத்துக்கொண்டு வாசிப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ஒரு பாட்டு, கேசட்டில் கேட்டு இருபது வருஷமாக ஒரு கட்டைச் சுருதியில் வாசித்துக்கொண்டிருந்தேன். டிவிடியோடு சேர்ந்து வாசித்தால் சேரவே இல்லை. ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது. பெட்டி பழசாகிவிட்டது என்று நினைத்து, சுருதி சேர்க்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் விவரம் கிடைத்தது. சினிமா நொடிக்கு 24 படம். பால் முறை வீடியோ நொடிக்கு 25. அதனால் பால் டிவிடி செய்யும்போது 24-ஐ 25 ஆக ஓட்டிவிடுகிறார்கள். நான்கு சதவீத வேகம். 160 நிமிடப் படம் 153 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். ஒலியும் கூடவே வேகமாக ஓடுவதால், சுருதி அரைக் கட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடுகிறது. பாடகரின் குரல் கொஞ்சம் இளசாகக் கேட்கும். சிலர் சுருதியைத் திருத்தி வெளியிடுவார்கள், எல்லோரும் செய்வதில்லை. அமெரிக்கா, ஜப்பானின் டிவி முறையான என்டிஎஸ்சி டிவிடியில் இந்தச் சிக்கல் இல்லை. ப்ளூ-ரேயில் படம் 24-லேயே இருக்கும், பாட்டு அதன் சொந்தச் சுருதியில் வரும்.

உங்கள் டிவிடி அட்டைகளின் பின்பக்கம் கீழே பால் என்றோ என்டிஎஸ்சி என்றோ போட்டிருக்கும். பாட்டுக்காக வாங்கிய படம் பாலாக இருந்து, ப்ளூ-ரே வந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

#9 கிள்ளான்மணி

ஆர்மோனியம் ஐயா, இதைப் படித்துவிட்டு ஓடிப் போய் என் டிஸ்க்கையும் பழைய கேசட்டையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன். பல்லவி முடிவதற்குள் டிஸ்க் முந்திக்கொண்டு போகிறது. இத்தனை வருஷம் கேட்டும் தெரியவில்லையே!

#10 மஞ்சள்நகரம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சும்மா இருக்கவில்லை. பிளேயர் வாங்கி எச்டிஎம்ஐ போட்டு, 340 டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுதினோம். தினமும் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு மணி நேரம். அவர் போடுவார், நான் எழுதுவேன்.

முதலில் அந்தச் சேலை. நிறம் சுத்தமாகப் போய்விட்டது! கோடு கோடாகவே தெரிகிறது, முந்தானையின் ஓரத்துப் பின்னல்கூடத் தெரிகிறது. அதே டிஸ்க், அதே டிவி. அவர் எதுவும் பேசாமல் எழுந்து போய் மஞ்சள் ஒயரைச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டார். ஆனால் வேறு இரண்டு படங்களில் வானவில் போகவே இல்லை. ஒளிக்கற்றை சொன்ன மாதிரி டேப்பிலேயே ஏறியதுதான் போல.

கணக்கு இப்படி வந்தது. 190 டிஸ்க்குகள் இப்படியே போதும், ஒன்பது அடியில் நன்றாகவே இருக்கின்றன. 97 படங்கள் எங்கே தேடியும் ப்ளூ-ரேயில் வரவில்லை, அவை எப்படி இருந்தாலும் அவைதான். கந்தர் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு அவற்றைத் தனி அலமாரிக்கு மாற்றிவிட்டோம். 38 படங்களை மாற்றத்தான் வேண்டும்: தபால்தலை அளவில் வருபவை, பால் சுருதிப் பாட்டுப் படங்கள், ராய் படங்கள், சில ஜப்பான் படங்கள். மிச்சம் 15 நடுவில் நின்று நின்று ஓடுகின்றன.

இரண்டு கேள்வி. அந்த 15-ஐக் காப்பாற்ற வழி உண்டா? அடுத்தது எங்கள் கல்யாண டிவிடி. 1996-இல் விஎச்எஸ் கேமராவில் எடுத்தது, 2007-இல் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு டிவிடியாக மாற்றிக் கொடுத்தார்கள். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது டிஸ்க்கைப் புது பிளேயர் எடுக்கவே மாட்டேன் என்கிறது. அதில்தான் முகூர்த்தம் இருக்கிறது. இதை ப்ளூ-ரேயாக மாற்றித் தருகிறோம் என்று இங்கே ஒரு கடையில் சொல்கிறார்கள், செய்யலாமா?

#11 ஒளிக்கற்றை

38-ஐ வாங்குவதற்கு முன்னால் இந்த வேலையை முடியுங்கள். இதுதான் அவசரம்.

கடையில் வாங்கிய டிவிடியும் ஸ்டுடியோவில் பதிந்து கொடுத்த டிவிடியும் ஒன்றல்ல. முதல் வகையில் தகவல் பள்ளம் பள்ளமாக அச்சில் அழுத்தப்பட்டது. இரண்டாவது வகையில் ஒரு சாயப்படலத்தை லேசரால் சுட்டு எழுதியது. அந்தச் சாயம் வெயிலிலும் சூட்டிலும் வருஷப் போக்கில் மங்கிவிடும். 2007-இல் எழுதியது இவ்வளவு நாள் நின்றதே பெரிது.

ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம், உரித்தால் இன்னும் கெடும். கம்ப்யூட்டரில் போட்டு முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுங்கள். டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, முடியாத இடங்களைத் திரும்பத் திரும்ப முயலும். ஒரு டிரைவில் வராதது இன்னொரு டிரைவில் வரும். தெரிந்தவர்களிடம் இருக்கும் பழைய லேப்டாப், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே எடுத்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அடுத்த டிரைவில் தொடரலாம். எடுத்த கோப்பை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

ப்ளூ-ரேயாக மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை. விஎச்எஸ் டேப்பில் இருப்பதே டிவிடியில் பாதிக்கும் குறைவான நுணுக்கம்தான். பெரிதாக்கினால் முகம் மெழுகு மாதிரி ஆகிவிடும். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது: மூல கேசட் பரணில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதில் பூஞ்சை படிந்திருந்தால், எந்த டெக்கிலும் போட்டுவிடாதீர்கள், டேப் அறுந்துவிடும். டேப்பைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துப் புதிதாக ஒரு முறை எடுங்கள்.

நின்று நின்று ஓடும் 15-ஐ மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்குப் பாதி டிஸ்க்குகளில் பூஞ்சைதான் பிரச்சினையாக இருக்கும். அது போய்விடும்.

#12 ரொறன்ரோ_கந்தர்

தங்கச்சி, தனி அலுமாரி என்று வாசிச்சதும் எனக்குப் பெரிய சந்தோசம். டிஸ்க்கை நிமிர்த்தி அடுக்குங்கோ, படுக்கப் போட்டு அடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறைக்குள்ளே வைச்சிருந்தால் எடுத்துப் பெட்டிக்கு மாத்துங்கோ, சூட்டுக்கு உறை ஒட்டிப்போகும்.

#13 இடைவேளை

அக்கா, 4கே டிஸ்க் பற்றி யாரும் சொல்லவில்லையே? டிவி 4கே தானே?

#14 ஒளிக்கற்றை

நல்ல கேள்வி. 2016-இல் வந்தது. 50 ஜிபி, 66 ஜிபி, 100 ஜிபி அளவுகளில் வருகிறது, அதற்கென்று தனி பிளேயர் வேண்டும். டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5-உம் ஓட்டும். ரீஜன் பூட்டு கிடையாது, அது நமக்குப் பெரிய நன்மை. ஆனால் 55 அங்குலத்தில் 4கே புள்ளியைப் பிரித்துப் பார்க்க மூன்றரை அடிக்கு வர வேண்டும். ஒன்பது அடியில் புள்ளிகளால் லாபம் இல்லை. வெளிச்சமும் இருட்டும் விரியும் அளவு மட்டும் தெரியும், தீ, விளக்கு, அந்திவானம் மாதிரி இடங்களில். மிகவும் பிடித்த நாலைந்து படத்துக்கு மட்டும் பிற்பாடு யோசிக்கலாம். இப்போதைக்கு வேண்டாம்.

#15 மஞ்சள்நகரம்

கழுவியதில் 15-இல் 11 ஓடுகின்றன!

கல்யாண டிஸ்க் விஷயம். என் மடிக்கணினியில் பாதிகூட வரவில்லை. தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம். மூன்றாவதாக, அவர் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்து இரவு முழுக்க ஓடவிட்டோம். காலை ஐந்தரை மணிக்குப் பார்த்தால், கடைசியில் ஒரு சின்னத் துண்டு தவிர எல்லாம் வந்திருந்தது. அந்தத் துண்டு பந்தியில் வருகிறது, நாலு நொடி படம் உறைந்து நிற்கும், அவ்வளவுதான். முகூர்த்தம் முழுசாக இருக்கிறது. ஒளிக்கற்றை அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கேசட் கிடைக்கவில்லை, அத்தை வீட்டுப் பரணிலும் தேடச் சொல்லியிருக்கிறோம்.

38-ஐ மாதம் இரண்டாக வாங்குவது என்று முடிவு. ராய் படங்கள் முதலில். எல்லா ரீஜனும் ஓட்டும் பிளேயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைத்ததும் ஆர்டர் போடுவோம். பழையதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

ஆர்மோனியம் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். முகூர்த்தத்தின்போது நாதஸ்வரம் வாசித்தவர் இப்போது இல்லை. எங்கள் ஊர்க்காரர், வேறு பதிவு எதுவும் கிடையாது. அந்த டிவிடியும் பால்தான், பார்த்துவிட்டேன். அப்படியென்றால் அவர் வாசிப்பும் சுருதி ஏறித்தான் இருக்குமா?

#16 ஆர்மோனியம்

இல்லை அம்மா. சினிமாவை 24-லிருந்து 25-க்கு ஏற்றுவதால்தான் அந்தச் சிக்கல். உங்கள் கல்யாணத்தை எடுத்த கேமரா பால் கேமரா, முதலிலிருந்தே 25-இல் எடுத்தது. டேப்பும் 25-லேயே ஓடியிருக்கிறது, டிவிடியும் 25. நடுவில் யாரும் வேகத்தை மாற்றவில்லை. அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எந்தச் சுருதியில் வாசித்தாரோ, அதேதான் உங்களிடம் இருக்கிறது.